மூன்றாம் ஓலை

கல்யாண அறிவிப்பை எங்கள் சபையில் ஓலை என்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதகர் மணமக்களின் பெயர்களை வாசித்து, இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்பார். முதல் மனைவி உயிரோடிருப்பது, நெருங்கிய இரத்த உறவு போன்றவற்றுக்கான கேள்வி அது. யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. நான் எழுந்தேன்.

அப்போது சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்தாளுநராக இருந்தேன். சபைக் குழுவின் செயலாளரும் நானே. படித்தவன், எதையும் முகத்துக்கு நேரே சொல்பவன் என்று பெயர். அந்தப் பெயரை நான்தான் கவனமாக வளர்த்தேன். உபவாசக் கூட்டங்களில், மறைப்பது பாவம் என்று மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

மணப்பெண் கொழுந்தெடுப்பவள். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம், தகப்பன் இல்லை. சிறு வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. மாதம் ஒருமுறை, மற்றவர்கள் வேலைக்காட்டில் இருக்கும் நேரம் பார்த்து மருந்தகத்தின் பின்வாசலுக்கு வந்து மாத்திரை வாங்கிப் போவாள். மாத்திரை தப்பாதவரை வலிப்பு வருவதில்லை. தோட்டத்தில் அவள் தாய்க்கும் எனக்கும் மட்டுமே இது தெரியும்.

மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளை தன் தாயோடு தேவாலாவிலிருந்து வந்திருந்தான். போதகர் வழக்கமான கேள்வியைக் கேட்டதும் எழுந்து, பெண்ணுக்கு வலிப்பு நோய் இருக்கிறது, பையன் வீட்டார் அறிந்திருக்க வேண்டும் என்றேன். குரல் நடுங்கவில்லை. உள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த யோசனை வராமல் இல்லை. அப்படிக் கேட்டால் நான் உண்மையுள்ளவன் என்பது யாருக்குத் தெரியும்?

அது தடையாகாது என்று போதகர் மெல்லச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டை அறிவித்தார். தலை குனிந்த பெண் நிமிரவில்லை.

ஆராதனை முடிந்ததும் மழையில் மாப்பிள்ளை என்னிடம் வந்தான்.

"ஏனுங்கய்யா, எனக்குத் தெரியாதுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவ எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. மாத்திரை பேருகூட எனக்குத் தெரியுமுங்க. அம்மாவுக்குத்தான் நாங்களே பக்குவமாச் சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

அவன் தாய் அதற்குள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவனும் போய் ஏறிக்கொண்டான். கல்யாணம் நின்றது. அம்மாவை எதிர்த்து நிற்கத் தெரியாத கோழை என்று அவனைப் பல வருடம் மனதுக்குள் திட்டினேன். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்க, அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில், வேலைக்கு இடுப்பில் கட்டும் சாக்கை அலசிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து தாய், "யாரு, மருந்தையாவா? இன்னும் ஏதாச்சும் அறிவிக்கணுமாக்கும்" என்றாள். மனசாட்சி என்னைச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை என்று என்னைப் பற்றியே நெடுநேரம் பேசினேன். அவள் சாக்கைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"உங்களுக்கு மனசுல பாரம்னா போதகர்கிட்ட சொல்லுங்க ஐயா. அதையும் நான்தான் சுமக்கணுமா?"

அடுத்த மாதம் அவள் பின்வாசலுக்கு வரவில்லை. ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி கூடலூரில் மாத்திரை வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு பெருமழை பிடித்தது; மண் சரிந்து பல நாள் பஸ் ஓடவில்லை. அந்த நாட்களில் ஒரு காலை, கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் நடுவே அவள் விழுந்தாள்.

ஆள் வந்து கூப்பிட ஓடினேன். நான் போகும்போது நினைவு திரும்பியிருந்தது. வாயெல்லாம் மண். மாத்திரையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். பக்கத்துப் பெண்ணின் தோளைப் பிடித்து எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு தான் கொழுந்தெடுக்கும் நிரைக்குப் போய்விட்டாள்.