ஆளில்லாத அறையின் சத்தம்

"சினிமாவில் இருக்கிறேன்" என்றால் எந்த நடிகையைத் தெரியும் என்று கேட்பார்கள். "ஆவணப்படம்" என்று திருத்தினால், இலவச டிக்கெட் கையிலேயே கிழிந்த மாதிரி முகம் போய்விடும். ஒருகாலத்தில் பெரிய படத்துக்கு முன்னால் இதைக் கட்டாயமாக ஓட்டினார்கள். சனங்களும் கட்டாயமாக வெளியே நின்று புகை பிடித்தார்கள். சினிமா வீட்டின் இந்தச் சவலைப் பிள்ளைக்குத்தான் உஷ் அண்ணன் காலமெல்லாம் ஒலிப்பதிவு செய்தார்.

பட்டப்பெயர் தொழிலில் வந்தது. பேட்டி முடிந்ததும் எல்லாரும் மூட்டை கட்டப் பறப்பார்கள். அவர் மட்டும் உதட்டில் விரல் வைத்து, "உஷ்... யாரும் அசையாதீங்க" என்பார். ஒவ்வொரு அறைக்கும் தனி அமைதி உண்டு. பேச்சை வெட்டி ஒட்டிய இடத்தில் அதே அறையின் அமைதியைப் பூசாவிட்டால், பார்க்கிறவர் காதில் குழி விழும். அதனால் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வார்.

"ஒண்ணுமில்லாததைப் பிடிச்சுட்டு வர்றீங்க. அதுக்குச் சம்பளம் குடுக்குறவங்களைச் சொல்லணும்" என்பாள் மனைவி. ஆனால் வீட்டில் கருவியை எடுத்தால் அவளும் அடங்கிவிடுவாள். மூக்கால் ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தபடி நிற்பாள். அவர் "முடிஞ்சுது" என்ற பிறகுதான் விடுவாள். விட்ட கையோடு ஒரு மூட்டை பேச்சும் வரும். அவள் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவரும் குளியலறையில் சொட்டும் குழாயும்தான்.

கடைசியாக எடுத்தது, தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டியே கிழவரான ஒருவரைப் பற்றிய படம். அவர் அறையில் பேட்டி முடிந்து அண்ணன் "உஷ்" சொன்ன நேரம், பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். அதற்குள் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து போய்க் கேட்பதற்குள் அறையில் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள்.

அண்ணன் யோசித்தார். தன் வீட்டுக் கூடமும் ஏறக்குறைய அதே அளவு. குழாய்க்கு அடியில் துணியைப் போட்டார், கதவைச் சாத்தினார், பதிவு செய்தார், அணைத்தார். "முடிஞ்சுது" என்று சொல்ல ஆளில்லை, சொல்லவில்லை. அந்த அமைதியைப் படம் முழுக்கப் பூசினார்.

பெரியவரின் மகள் சரி என்றால்தான் படம் வெளியே போகும். படத்தொகுப்பு அறைக்கு அவளைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினார்கள். திரையில் பெரியவர், "அந்தச் சின்னப் படங்களை முழுசாப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். யாராவது ஒருத்தர் பாக்கணும் இல்ல?" என்று சொல்லி நிறுத்தினார்.

"நிறுத்துங்க" என்றாள் மகள். "அங்க நிக்கிறது யாரு?"

"யாருமில்லம்மா" என்றாள் இயக்குநர்.

"இருக்காங்க. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஏதோ பேச வர்றாங்க."

இயக்குநர் திரும்பினாள். "என்னண்ணே இது? உங்க மூச்சா?"

அண்ணன் ஹெட்போனை மாட்டி ஒலியைக் கூட்டினார். மூக்கால் இழுத்த மூச்சு ஒன்று இருந்தது. விட்ட சத்தம் கடைசிவரை வரவில்லை.

"இது என் வீட்டுக் கூடம்மா" என்றார், மெதுவாக. "உங்கப்பா அறை கிடைக்கல."

"மாத்திடலாம்மா, ஒரு நாள் வேலை" என்று இயக்குநர் பதறினாள். இத்தனை நாள் உழைப்பும் அந்த மகளின் தலையசைப்பில் தொங்கியது.

மகள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "வேணாம். அப்பா சொல்றதைக் கேக்க வீட்ல ஆளே இல்ல. நானும் வரல. இதுல யாரோ அவர் முடிக்கட்டும்னு நிக்கிறாங்க. இருக்கட்டும். வெளியிடுங்க."

இயக்குநருக்குப் போன உயிர் திரும்பியது. அண்ணனுடையது பாதி வழியில் நின்றது.

வெயில் தாழாத நேரத்திலேயே வீடு வந்தார். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிவிட்டு, பிறகு பூட்டைத் திறந்தார். கூடம் விட்டுப்போனபடி இருந்தது. உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பாவம், எவ்வளவு நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ. "முடிஞ்சுது" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் விட்டுவிடுவாள். விட்டபின் இருப்பாளா?

அண்ணன் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். உதட்டில் விரல் வைத்தார்.

"உஷ்... அசையாதே."

குழாய் சொட்டுவது நின்றது.