திரையில் ஓட்டிய படகு

மாப்பிள்ளையூரணி பஸ்ஸின் படியிலிருந்து விழுந்ததற்குப் பிறகு எனக்குத் தரையின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும்போதுகூட ஒரு கை மேசையைப் பிடித்திருக்கும். “உடம்பைக் கொறைங்க டீச்சர்” என்று சொல்லாத ஆள் கிடையாது. ஏதோ எனக்கு மட்டும் தெரியாத ரகசியம் மாதிரி!

ஆனால் என்னை அரித்தது வேறு. திருவிருந்து ஞாயிறுகளில் சர்ச்சில் எல்லாரும் பீடத்தின் முன் போய் முழங்காலிடுவார்கள். விழுந்துவிடுவேனோ என்று நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். போதகர் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் என்னிடம் எடுத்துவருவார். சபை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். படுக்கையில் கிடப்பவர்களுக்குச் செய்வதை எனக்குச் செய்கிறார்களே என்று அழுகை முட்டும்.

பிசியோதெரபி கொடுத்த பெண் ஒரு வீடியோ கேமைக் காட்டினாள். டிவிக்கு முன்னால் ஒரு பலகை. அதன்மேல் நின்று நான் சாயும் பக்கம் திரையில் படகு திரும்பும். பாறையில் இடிக்கக் கூடாது. துறைமுக ஊரில் பிறந்தும் படகே ஏறாதவள் நான். சிறுபிள்ளை விளையாட்டு என்று சிரித்தேன், முதல் நாளே வியர்த்துக் கொட்டியது. போகப்போகப் படகு என் சொல் கேட்டது. பிறகு முழங்காலிட்டும் ஓட்டினேன்.

அடுத்த திருவிருந்துக்கு நானே எழுந்து போனேன். முன்னால் இருக்கும் கம்பியைப் பிடிக்கலாமே என்பீர்கள். அப்பம் வாங்க இரண்டு கைகளையும் ஏந்த வேண்டுமே. வழக்கம்போல் கண்ணை மூடினேன். அவ்வளவுதான், உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை. பக்கத்துப் பெண்மேல் சரிந்தேன். அவளுக்கு நீட்டிய கிண்ணம் தட்டி, அவள் வெள்ளைச் சேலையெல்லாம் ரசம்.

“பரவால்லக்கா” என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிசியோ பெண்ணிடம் போய்ச் சண்டை போட்டேன்.

“கண்ண எதுக்குக்கா மூடுனிய? இவ்வளவு நாளும் திரையப் பாத்துல்லா நின்னிய!”

“ஜெபத்துல கண்ணத் தொறந்து வைப்பாகளா, ஏளா?”

“அது எனக்குத் தோணவே இல்லியேக்கா” என்றாள்.

அதற்கடுத்த திருவிருந்தில் போதகர் தட்டோடு என் பெஞ்சை நோக்கி இறங்கினார். “வேண்டாம் ஐயா, நானே வாரேன்” என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டு, கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டேன். போதகர் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. நான் அசையவில்லை. யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன்.

பெஞ்சுக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அங்கே இருந்த நேரம் முழுக்க ஆண்டவரை நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. படகைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.