கப்பலில் வராத வண்டு

அறுபதுகளின் நடுவில் பர்மாத் தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படி வந்த ஒரு தம்பதி திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில், எங்களுக்குப் பக்கத்து அறைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் அப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞானப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டும் அண்ணனோடு இருந்தேன்.

அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். பர்மாவில் மோல்மேன் என்ற ஊரில் அவர்களுக்கு மளிகைக் கடை இருந்ததாம். கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இங்கே மணலிப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் அவர் கணவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அதிகம் பேசாத மனிதர்.

ரங்கூனில் கப்பல் ஏறும்போது சுங்க அதிகாரிகள் அக்காவின் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். கூடையில் தேங்காய் நார் சுற்றிக் கிடந்த சில குச்சிகளை மட்டும் விறகு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அது ஆர்க்கிட் செடி. அவர்களுடைய ஒரே மகள் அங்கே ஒரு பர்மாக்காரரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். கிளம்புகிற அன்று கொல்லை மாமரத்தில் ஒட்டியிருந்த செடியிலிருந்து பிய்த்துக் கொடுத்தது அவள்தான்.

அக்கா அதைக் குழாயடிக்கு மேலே, ஓட்டுச் சரிவின் நிழலில் தொங்கவிட்டார். முதல் வருடம் இலை மட்டும் விட்டது. அடுத்த மாசியில் அந்த இலைகளும் பழுத்து உதிர்ந்தன. செத்துவிட்டது என்று நினைத்து அக்கா அழுதார். ஆனால் பங்குனியில் மொட்டைக் குச்சியின் கணுவுக்குக் கணு பூ வந்தது. வெளிறிய ஊதா நிறம், தொண்டையில் மட்டும் கருஞ்சிவப்பு. லைன் முழுக்க வந்து பார்த்தது. "இன்னாக்கா இது, பிளாஸ்டிக் பூவாட்டம் கீது" என்று எதிர் அறைப் பெண் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மகள் தலைக்கு வைத்துக்கொள்வாள் என்று அக்கா சொன்னார். தான் ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை.

ரங்கூன் கப்பல் வரும் நாள் என் அண்ணனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். "நாளைக்குக் கப்பல் வர்துமா. அந்தக்காவைக் காலைல ரெடியா இருக்கச் சொல்லு" என்பார். அக்கா அவரோடு போய்த் துறைமுக வாசலில் நிற்பார். மூட்டையும் குழந்தையுமாக வெளியே வருகிறவர்களிடம் மோல்மேனா, மோல்மேனா என்று கேட்பார். ஒருவராவது மகளைப் பார்த்திருக்க மாட்டார்களா என்ற ஆசை. சாயங்காலம் வெயிலில் கறுத்துத் திரும்புவார். கணவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

இரண்டாம் முறை பூத்தபோது அக்கா என்னிடம் கேட்டார், அங்கே இந்தச் செடியில் பச்சைக் காய் தொங்குமே, இங்கே ஏன் எல்லாப் பூவும் சும்மா வாடி விழுகிறது என்று. எனக்கு முழுதாகத் தெரியவில்லை. நான் படித்த கல்லூரிக்குப் போய் என் பேராசிரியையிடம் ஒரு புத்தகம் வாங்கி வந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மற்ற பூக்களில் மகரந்தம் தூளாக இருக்கும், காற்றிலும் போகும், எந்தப் பூச்சியின் காலிலும் ஒட்டும். ஆர்க்கிட்டில் அது பசையோடு கூடிய சின்ன உருண்டை. பூவின் ஒரு இதழ் பூச்சி வந்து உட்காரும் பலகை மாதிரி நீண்டிருக்கிறது. சரியான உடம்பளவு உள்ள வண்டு அதில் இறங்கித் தொண்டைக்குள் நுழைந்து பின்வாங்கும்போது உருண்டை அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் அது போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேரும். லட்சக்கணக்கான வருடங்களாக வண்டுக்குத் தக்கபடி பூ மாற, பூவுக்குத் தக்கபடி வண்டும் மாறி வந்திருக்கிறது. மடகாஸ்கர் தீவில் ஒரு வெள்ளை ஆர்க்கிட்டின் தேன் ஒரு அடி நீளக் குழாயின் அடியில் இருக்கிறது. அவ்வளவு நீள நாக்குள்ள விட்டில் ஒன்று இருந்தே தீரும் என்று ஒரு அறிஞர் சொன்னார். அவர் இறந்து பல வருடம் கழித்து அந்த விட்டில் அகப்பட்டது. தேனே இல்லாமல், பெண் வண்டைப் போலத் தோற்றம் காட்டி ஆண் வண்டை ஏமாற்றி வரவழைக்கும் பூக்களும் உண்டாம்.

பூவைக் கையில் ஏந்திக் காட்டி இதையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப அந்த வண்டு இல்லாட்டி?"

"காய் இல்லக்கா."

பூவுக்குள் எட்டிப் பார்த்தார். "அது கப்பல்ல வந்திருக்காது" என்றார்.

கையாலேயே செய்து பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். தீக்குச்சி ஒன்றைச் சீவி முனையைக் கூர்மையாக்கினேன். பூவின் நடுத்தண்டு நுனியில் இருந்த குட்டி மூடியைத் தள்ளியதும் மஞ்சள் உருண்டை குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை இன்னொரு பூவின் தொண்டையில் இருந்த பிசுபிசுப்பான குழியில் வைத்தேன். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் குச்சியை வாங்கிச் சில பூக்களுக்குச் செய்தார். நான் தொட்டவை எல்லாம் விழுந்துவிட்டன. அவர் தொட்டதில் ஒன்று நின்றது. பூ சுருங்கி, காம்பு பச்சையாகப் பருத்தது. தினமும் நான் பள்ளிவிட்டு வந்ததும் கூப்பிட்டுக் காட்டுவார்.

ஐப்பசியில் ஒரு கப்பல் வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் அன்று நானும் அக்காவோடு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மோல்மேனில் அவர்கள் தெருவிலேயே குடியிருந்த ஒரு பெண் வெளியே வந்தாள். அக்காவைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருக்காளா?" என்று அக்கா கேட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு, "பிரசவத்துல போயிட்டாக்கா. பிள்ளை இருக்கு. மாமியார் வச்சு வளக்குறாங்க" என்றாள்.

அக்கா அழவில்லை. எந்த மாதம் என்று மட்டும் விசாரித்தார். அந்தப் பெண்ணின் குழந்தை மழையில் நனைகிறதே என்று தன் முந்தானையை அதன் தலைமேல் பிடித்தார்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ராயபுரம் தாண்டிய பிறகு கேட்டார்.

"நாம குச்சி வச்சுத் தொட்டோமே, அது என்ன மாசம் டீச்சர்?"

"பங்குனிக்கா."

"அவ தையிலேயே போயிட்டாளாம்."

அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் மடிக்குள் வைத்திருந்தார்.

வீட்டில் அவர் கணவர் வேலைக்குக் கிளம்பக் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதைக் கேட்டார். போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையை ஆணியில் மாட்டினார். குழாயடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்கா அதன்பிறகு துறைமுகத்துக்குப் போகவில்லை. கப்பல் வருவதை அண்ணனும் சொல்வதில்லை. செடிக்குத் தண்ணீர் விடுவதையும் அக்கா நிறுத்திவிட்டார். அவர் கணவர் விட்டார். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொம்போடு போய் நிற்பார்.

மார்கழியில் ஒருநாள் அக்காவின் கணவர் என் கதவைத் தட்டி, காய் வெடித்துவிட்டது என்றார். உள்ளே விதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. முகத்துக்குப் போடும் பவுடர்போல மஞ்சள் தூள். நான் உள்ளதைச் சொன்னேன். ஆர்க்கிட் விதைக்குள் முளைக்கத் தேவையான சத்து கிடையாது. ஒரு வகைப் பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சை இந்த மண்ணில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

"அதுக்கும் ஒரு துணை வேணுமா?" என்றார்.

இருந்தாலும் தூளை நனைத்து நாரிலும் வாசல் வேப்பமரப் பட்டையிலும் தடவினார். பல மாதம் போகும்போதும் வரும்போதும் அந்த மரத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு வியாசர்பாடியில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. கைவண்டியில் பாத்திரங்களோடு செடியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு முறை பூத்ததாம். அடுத்த கோடையில் காய்ந்துவிட்டது என்று அண்ணனிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

சில வருடம் கழித்து, கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களைப் பார்த்தேன். தள்ளுவண்டியில் அத்தோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அது பர்மா நூடுல்ஸ். வறுத்த பூண்டும் வெங்காயமும் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். அக்காவின் தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு தட்டு கொடுத்தார். என் பள்ளியைப் பற்றிக் கேட்டார். பேரப்பிள்ளையைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று நான் கேட்டேன். தெரியவில்லை என்றார். அன்று துறைமுகத்தில் செய்தி சொன்ன பெண்ணுக்கு அது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

"இந்நேரம் பள்ளிக்கூடத்துல சேத்திருப்பாங்க" என்றார் அக்கா. "அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட அங்க யாரு இருக்காங்களோ."

"பையனுக பின்னலா போடுவானுக" என்றார் அவர் கணவர், பூண்டை அள்ளியபடியே. அடுத்து வந்தவருக்கு இருவரும் சேர்ந்து தட்டு போட்டார்கள்.