தங்கம் ஒட்டாத கோடு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் தங்கை லதாவிடமிருந்து போன். "அக்கா... ரெண்டு கோடு."

சேலையூரிலிருந்து அவள் வீட்டுக்கு ஸ்கூட்டியில் பறந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருக்கும் இரண்டாவது கோடு ஆயிற்றே.

போனால், அவள் மாமியார் பாயசமே வைத்துவிட்டார். கர்ப்பம் பார்த்த அட்டை? பூஜை ஷெல்ஃபில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில். அது எதில் நனைந்த அட்டை என்பதெல்லாம் அந்த சந்தோஷத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடு பளிச்சென்று சிவப்பு. இன்னொன்று சாம்பலாக, இருக்கிறதா இல்லையா என்று.

"காலைல ஒண்ணுதான்க்கா இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல. இப்போ பார்த்தா ரெண்டு" என்றாள் லதா.

எனக்கு ஏதோ உறுத்தியது. என் எதிர் ஃப்ளாட் ஸ்டெல்லா, பொத்தேரியில் ஒரு கல்லூரியில் நானோ டெக்னாலஜி சொல்லித் தருபவர். அவருக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்த சிவப்பு என்ன தெரியுமா? தங்கம்."

தங்கமா? மருந்துக் கடை அட்டையிலா?

தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கினால் மஞ்சள் போய்ச் சிவப்பாகிவிடுமாம். அந்தத் துகள்கள் கர்ப்ப ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு ஓடி, இரண்டாவது கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்; முதல் கோடு அட்டை வேலை செய்கிறது என்று காட்ட மட்டும்தானாம். ஏகப்பட்டது சேர்ந்தால்தான் நமக்குக் கோடாகத் தெரியும். டெங்கு அட்டை, கொரோனா அட்டை... பெரும்பாலும் இதே வித்தைதான். லாக்கரில் பூட்ட வேண்டிய பொருளைக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம் - உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

லதாதான் விஷயத்துக்கு வந்தாள். "அப்போ... இந்த ரெண்டாவது கோட்டுல?"

ஸ்டெல்லா கொஞ்சம் தயங்கினார். "சாம்பலா இருக்கேம்மா. தங்கம் ஒட்டியிருந்தா சிவந்திருக்கும். அட்டை காய்ஞ்ச தடம் மாதிரி தெரியுது. கவர்ல போட்டிருக்கிற நிமிஷத்துக்குள்ள பார்க்கிறதுதான் கணக்கு. எதுக்கும் லேப்ல பிளட் டெஸ்ட் பண்ணிடுங்க."

மறுநாள் கேம்ப் ரோடு லேபில் ரத்தம் கொடுத்தோம். இல்லை என்று வந்தது.

திரும்பும்போது லதா ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்த விஞ்ஞானத்துக்கு, கொஞ்சம் பதமாகச் சொல்லத் தெரியாதா?

சிக்னலில் வண்டி நின்றபோது என் தோளைத் தட்டினாள்.

"தங்கம்தானேக்கா... நல்ல நாள் பார்த்துத்தான் வீட்டுக்கு வரும்."