கேட்காமல் விட்ட கேள்வி

என் அப்பா காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் கட்டி சுமந்தவர். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த டீக்கடை வாசலில் காத்திருப்பேன். படகுத்துறை கூப்பிடு தூரம்தான், ஆனால் அங்கிருந்து தெரியாது. ஃபேக்டரிச் சுவர் மறைக்கும்.

படித்து வக்கீலானேன். திருவொற்றியூரில் சக வக்கீல்கள் ஓட்டுப் போட்டு என்னைச் சங்கச் செயலாளராக்கினார்கள். பிறகு மாவட்ட நீதிபதியாகி, கடைசியில் உயர் நீதிமன்றத்துக்கு வந்தேன். எங்கள் தெருவில் போஸ்டர் ஒட்டினார்கள். நானோ, மேல்முறையீடுகளை விசாரிக்க உட்கார்ந்த நாளிலிருந்து என் பேச்சில் எங்கள் பக்கத்து ‘இன்னா’ ஒன்றுகூட வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் தாழ்வாரத்தில் இரண்டு மூத்த வக்கீல்கள் பேசியது காதில் விழுந்தது.

“வடசென்னை கேஸா? அந்தம்மாகிட்ட வந்தா போதும். அவங்க ஜனம்னா உருகிடுவாங்க.”

என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார்கள்.

சில வாரம் கழித்து ஒரு விசைப்படகு ஓட்டுநரின் மேல்முறையீடு என்னிடம் வந்தது. காசிமேட்டுத் துறையில் ஒருவரைக் கத்தியால் குத்தியதாக ஏழு வருடத் தண்டனை. குத்துப்பட்டவர் ஆளைப் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னது ஒரே ஒரு சாட்சி. எங்கிருந்து பார்த்தார் என்று தேடினேன். அதே டீக்கடை வாசலிலிருந்து.

போலீஸ் வரைபடத்தில் அந்தச் சுவரே இல்லை. இலவச சட்ட உதவியில் வந்த வக்கீலும் அதைத் தொடவில்லை. நீதிபதி தனக்குத் தெரிந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனால், “அங்கிருந்து துறை தெரியுமா?” என்று அரசு வக்கீலை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இடத்தைப் பார்த்துவரச் சொல்லியிருக்கலாம். வழக்கை வேறு நீதிபதிக்காவது மாற்றச் சொல்லியிருக்கலாம். கேட்கத்தான் வாயெடுத்தேன். நீதிமன்றத்தில், தாழ்வாரத்தில் பேசிய அந்த இரண்டு பேரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தேன்.

உச்ச நீதிமன்றத்தில் வேறொரு வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். இடத்தை ஆய்வு செய்து அறிக்கை வாங்கி, ஓட்டுநரை விடுதலை செய்தார்கள். அதற்குள் ஐந்து வருடம் அவர் உள்ளே இருந்துவிட்டார். சுவரை உயர் நீதிமன்றம் கவனிக்கத் தவறிவிட்டது என்று அந்தத் தீர்ப்பில் இருந்தது. தவறவில்லை. நான் கவனித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த ஓட்டுநரின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் அவர் கை நின்றது. உள்ளேயிருந்து வந்த ஓட்டுநர் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார்.

“குந்துங்கம்மா.”

“அந்தச் செவுரு எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றேன். “நான் இங்கதான் வளர்ந்தேன்.”

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். “தெரிஞ்சுகினா கேக்காம வுட்டீங்க?”

“பயந்துட்டேன்.”

“யாருக்கு?”

தாழ்வாரத்தில் கேட்டதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அற்பமாகப் பட்டது.

“அவ்ளோதானா?” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏழெட்டு வயதுப் பெண் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவரிடம், “உங்களுக்கும் வேணுங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

“நான் உள்ள போவசொல்லோ அது கைக்கொழந்த” என்றார். “அவங்கம்மாவ வா போன்னுதான் கூப்புடும். என்ன மட்டும் ‘நீங்க, வாங்க’ன்னுது. நான் வூட்டுக்கு வந்து ரெண்டு வருசமாவுது.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி மறுபடி மீன் ஆயத் தொடங்கினார். டீயைக் குடித்து முடித்து எழுந்தேன். தெருமுனை வரை கூட வந்து, எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் திரும்பிப் போனார்.