ஜாக்கி ஏற்றும் நாள்

எங்கள் ஊர் உப்புக் காற்று காரை அடியிலிருந்துதான் தின்னும். மேலே பளபளவென்று இருக்கும். ஒருநாள் உள்ளே விரித்திருக்கும் மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரியும். என் முதல் கார் அப்படித்தான் போனது. எனக்கு வேலை துறைமுகத்தில், போக வர உப்பளத்து ரோடு. மழைக்காலத்தில் அந்த ரோட்டில் தேங்குவதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது, உப்புக்கரைசல்தான்.

இரண்டாவது காரை வாங்கியதும் அதை மீன்பிடி வள்ளத்தைப் போலப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். எங்கள் கடற்கரையில் ஐப்பசி மழைக்கு முன்னால் மர வள்ளத்தைக் கரையேற்றி, அடியைச் சுரண்டி, மீன் எண்ணெய் பூசுவார்கள். என் அப்பாவும் பூசினார். மரத்துக்குச் செய்ததை இரும்புக்குச் செய்தால் என்ன? ஒர்க் ஷாப்பில் கேட்டதற்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாளை மீன் எண்ணெய் நாற்றம் அவர்களுக்கு ஆகாதாம். சரிதான் போங்கடா என்று வீட்டு முற்றத்திலேயே காரைத் தூக்கினேன்.

அதில்தான் அக்காவுக்கும் எனக்கும் தகராறு.

அக்கா என்னோடுதான் இருக்கிறாள். அத்தானை அவள் பறிகொடுத்தது ஒரு வள்ளத்துக்கு அடியில். கரையேற்றிச் சாய்த்து, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த வள்ளம். அத்தான் அடியில் மல்லாந்து படுத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். முந்தின நாள் மழையில் மணல் இளகிப்போயிருக்க, முட்டு சரிந்துவிட்டது. டீ குடித்துவிட்டு வந்தவர்கள் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காவின் மகன் அப்போது கைக்குழந்தை. அதற்குப் பிறகு அக்கா அழுததைப் பார்த்திருக்கிறேன். மாதா கோயிலில் முழங்கால் வலிக்க நின்றதையும் பார்த்திருக்கிறேன். அந்த நாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

நான் ஜாக்கியை வெளியே எடுத்தாலே அவள் முகம் வெளுத்துவிடும்.

“ஏலே, ஊருல ஒர்க் ஷாப்பே இல்லாமலா போச்சு? ஏன் இங்கன வச்சு என் உயிர எடுக்க?”

“ஜாக்கிய மட்டும் நம்பியா படுக்கேன்? ஸ்டாண்டு வைக்கேம்லாக்கா. இரும்பு ஸ்டாண்டு.”

“அதுவும் முட்டுதான?”

சரிதான், அதுவும் முட்டுதான். அதனாலேயே எனக்குக் கோபம் வரும். கோயிலுக்குப் போய்விட்டு வா என்று விரட்டுவேன். போவாள். அவள் திரும்புவதற்குள் காரை இறக்கிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகப் பூசுவேன். அந்த வேலையில் அவசரத்தைவிட ஆபத்தானது எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவள் முகத்தை வைத்துக்கொண்டு அடியில் படுக்க என்னால் முடியாது.

ஜாக்கித் தலையில் வைக்கும் ரப்பர் பேடைக் கொண்டுவந்தது அவள் மகன். ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது குனிந்து காரின் அடியைப் பார்த்தான். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஒரு தகட்டு விளிம்பு ஓடும். ஜாக்கி தாங்குவது அங்கேதான். ஜாக்கித் தலையின் இரும்பு அழுத்தி அழுத்தி அந்த விளிம்பு நெளிந்து, பெயிண்ட் உதிர்ந்து, துருவும் ஏறியிருந்தது. இடையில் நான் கொடுத்துப் பார்த்த மரத்துண்டு பிளந்து ஓரமாகக் கிடந்தது.

“என்ன மாமா இது? அங்க இப்படி யாரும் தூக்க மாட்டாங்க. அதுக்குன்னு பேடு இருக்கு. அடுத்த தடவ வாங்கியாரேன்.”

சொன்னபடி வாங்கிவந்தான். உள்ளங்கை அகலத்தில் கெட்டியான கறுப்பு ரப்பர், நடுவில் ஒரு பள்ளம். அது ஜாக்கித் தலையில் உட்காரும். தகட்டு விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிட, பாரத்தை இரண்டு பக்கத்து ரப்பரும் வாங்கிக்கொள்ளும். விளிம்பு நசுங்காது. அதை அவன் என்னிடம் கொடுக்கவில்லை, அம்மாவின் கையில் கொடுத்தான்.

“இது இருந்தா நழுவாதும்மா” என்றான்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தகப்பன் முகம் ஞாபகத்தில் இல்லாத பிள்ளை தேடி வாங்கி வந்திருக்கிறான். அந்த வருஷம் நான் காரைத் தூக்கியபோது அவள் கோயிலுக்குப் போகவில்லை. வாசற்படியில் நின்றாள்.

அந்த வருஷம்தான் நழுவியது.

ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பேடைப் பொருத்தி, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துத்தான் ஏற்றினேன். கார் எழும்பியது. ஸ்டாண்டை உள்ளே தள்ள முழங்காலிட்டுக் கையை நீட்டினேன். பேடு பிதுங்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கார் தொம்மென்று விழுந்தது. ஸ்டாண்டு முற்றத்தில் உருண்டு ஓடியது. கையை எப்படி இழுத்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படியில் மெல்ல உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தகட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. எல்லாம் நான் பூசிய மீன் எண்ணெய்தான். துரு ஏறிய இடமாயிற்றே என்று முந்தின வாரம் அங்கே மட்டும் தாராளமாகப் பூசியிருந்தேன். வள்ளத்து மரம் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும், மிச்சத்தை வெயில் காயவைத்துவிடும். இரும்பு எங்கே குடிக்கும்? காருக்கு அடியில் வெயில் ஏது? எண்ணெய் அப்படியே நின்றிருந்தது. அதன்மேல் நான் ரப்பரை வைத்து, ரப்பரின்மேல் காரை வைத்திருக்கிறேன். வேறு ஊர்க்காரன் எவனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

நழுவியது எண்ணெயால்தான், காரை விற்றுவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அப்புறம் சில நாள் அவள் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துபோவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. முற்றத்தில் நின்ற காரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது அவள் காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முற்றமெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. பக்கத்தில் கறுத்துப்போன துணியும் சோப்புத் தண்ணீர் வாளியும்.

“நல்லா தொடச்சாச்சு. கை வச்சுப் பாரு” என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். விளிம்பு சொரசொரப்பாக, உலர்ந்து இருந்தது.

“எதுக்குக்கா இதெல்லாம்? அதான் வித்துரலாம்னு சொன்னேம்லா.”

“வித்தா வாங்குதவன் அதுக்கு அடியில படுப்பான். ஒர்க் ஷாப்புல விட்டா அங்கன ஒருத்தன் படுப்பான். அவன் வீட்டுலயும் ஒருத்தி இருப்பாள்லா?” என்றாள். “மழ வாரதுக்குள்ள முடி. நான் இங்கனதான் இருப்பேன்.”

பேடை அவளே எடுத்துத் துடைத்து ஜாக்கித் தலையில் வைத்தாள். விளிம்பு பள்ளத்தில் இறங்கிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். நான் ஏற்றினேன். ஸ்டாண்டுகளைக் கொடுத்து அவற்றின்மேல் பாரத்தை இறக்கினேன். அவள் இரண்டு கையாலும் காரைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. மறுபடியும் உலுக்கினாள். பிறகு, “ம்” என்றாள். தூரிகையோடு மல்லாந்து உள்ளே போனேன்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. விளிம்பை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பூசினேன். பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

“ஏலே.”

“என்னக்கா?”

“அங்கன படுத்துப் பார்த்தா என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியலக்கா. இருட்டுதான்.”

“இந்தப் பக்கமா திரும்பினா?”

திரும்பினேன்.

“வெளிச்சம் தெரியுது. உன் காலு தெரியுது.”

அந்தக் கால் ஒரு எட்டு முன்னால் வந்து காரை ஒட்டி நின்றது.

“அவரு திரும்பிப் பார்க்கையில யாரு காலும் தெரிஞ்சிருக்காதுலே” என்றாள்.

அந்தக் காலைப் பார்த்தபடியே மிச்சத்தையும் பூசினேன். பூசி முடித்த பிறகும் நான் உடனே வெளியே வரவில்லை. அவளும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.