ஆடு தின்ற வேப்பங்குழை

போன புதன்கிழமை கண்டாவளையிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து நெல்லுக் குத்தும் என் மில் வாசலில் நின்றது. வண்டிக்காரர் ஆறு மூட்டை விதைநெல்லை இறக்கிச் சுவரோரம் அடுக்கினார். விதைப்புக் காலம் வரை அவை இங்கேயே இருக்கட்டுமாம்.

எனக்கு ஆச்சரியம். வருகிற வழியில் வேறு இரண்டு மில்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி வட்டக்கச்சிக்கு ஏன் வந்தார்? அதுமட்டுமா... மூட்டைகளில் வேப்பங்குழை இல்லை!

அதென்ன வேப்பங்குழை என்று கேட்கும் பட்டணத்து வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியேற்றக் கொலனியில் பெரும்பாலும் ஓலை வீடுகள். மழை தொடங்கினால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். என் மில்லுக்கோ சிமெந்துத் தரை, தகரக் கூரை. அதனால் வயல் செய்யும் கமக்காரர்கள் விதைநெல்லை இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். குத்த வருகிற நெல்லும் அதே மாதிரிச் சாக்கில்தான் வரும். மாறிவிடக் கூடாதே என்று விதை மூட்டையின் வாயில் இலையோடு ஒடித்த ஒரு வேப்பங்குழையை நூலால் கட்டிவிடுவார்கள். குழை இருந்தால் தொடக்கூடாது. எங்கள் ஊரில் எவரும் எழுதிவைக்காத சட்டம் அது.

போன வருடம் அந்தச் சட்டத்தை மீறியது யார் தெரியுமா? என் ஆடு.

நான் எழுதிவரும் இந்தப் பத்தியில் இதுவரை சொல்லாத கதை இது. முதல் மழை விழுந்த மறுநாள். மத்தியானம் மில் வாசலுக்கு வந்தேன். ஆடு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் வாயில் ஒரு வேப்பங்குழை. குழையிலிருந்து சிவப்பு நூல் தொங்கியது.

 உள்ளே ஓடினேன். இஞ்சின் பார்க்கும் செல்லையா அண்ணை குழையில்லாத நாலாவது சாக்கையும் மெசினில் கொட்டி முடித்திருந்தார். எங்கள் கொலனிக் கமக்காரர் நாகமுத்து அண்ணையின் விதைநெல் நாலு மூட்டையும் அரிசியாகிவிட்டது. அரிசியைத் திரும்ப நெல்லாக்கும் மெசினை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையே!

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரருக்கு வவுனியாவில் உத்தியோகம். சனிக்கிழமைதான் வருவார். நாகமுத்து அண்ணையோ மாலையில் விதை ஏற்ற வந்துவிடுவார். மில்லை நடத்துகிறவள் நான். முடிவையும் நான்தான் எடுக்க வேண்டும்.

செல்லையா அண்ணை இஞ்சினை நிறுத்திவிட்டு அருகில் வந்தார்.

"பிள்ளை, உன்ரை விதைநெல்லு அறைக்குள்ள நாலு மூட்டை கிடக்குது. போன வருசம் அவரிட்ட வாங்கின விதையில விளைஞ்ச பச்சைப்பெருமாள் நெல்லுத்தானே. புதுக்குழை கட்டிக் குடுத்துவிடு. ஆருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான். ஒருவருக்கும் தெரியாது. அதே விதை, அதே நெல், அதே கதிர். அவருக்கும் நட்டமில்லை. சொன்னால்தான் நட்டம். மில்லில் விதைநெல்லைக் குத்திவிட்டார்கள் என்ற கதை ஒரே நாளில் தர்மபுரம் வரை போய்விடும். பிறகு யார் என்னை நம்பி மூட்டையை இறக்குவார்கள்? மூன்று வருடம் பாடுபட்டு எடுத்த பெயர்... ஒரு ஆட்டால் போகவேண்டுமா?

அறைக்குள் போய் என் விதை மூட்டைகளுக்குக் குழையும் ஒடித்து வைத்தேன். நூலையும் எடுத்தேன். கட்டத்தான் கை வரவில்லை. பொய்க்கு முடிச்சுப் போடுகிற மாதிரி இருந்தது.

மாலையில் நாகமுத்து அண்ணை வந்தார்.

"தங்கச்சி, விதை ஏத்த வந்தனான். நாளைக்கு விதைப்பு."

"அண்ணை, முதல்ல இருங்கோ." கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. எனக்கும் சுற்றிவளைக்கத் தெரியாது. "நாலு மூட்டைக் குழையையும் எங்கட ஆடு திண்டிட்டுது. தெரியாமல் உங்கட விதைநெல்லைக் குத்திப்போட்டம்."

"நாலையுமோ?"

"ஓம் அண்ணை."

அவர் அரிசிச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார்.  "ஊரை விட்டு இஞ்ச வரேக்க உடுப்புப் பெட்டியைக்கூட விட்டிட்டு வந்தனான். இந்த விதையை விடேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "விதை அழியேல்லை அண்ணை. நீங்கள் தந்ததில விளைஞ்ச நெல்லை நான் விதைக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன். நாலு மூட்டை. ஏத்திக்கொண்டு போங்கோ."

"அப்ப உன்ரை வயல்?"

"பிறகு பாக்கிறன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இதைப் பேசாமல் மாத்தித் தந்திருக்கலாமே. எனக்கு விளங்கியிராது."

"செல்லையா அண்ணையும் அதைத்தான் சொன்னவர்."

செல்லையா அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் இஞ்சினுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

நாகமுத்து அண்ணை என் விதையை ஏற்றிக்கொண்டார். அரிசியைத் தொட மறுத்துவிட்டார். விதைக்கென்று வைத்ததைச் சோறாக்கித் தின்ன எனக்கும் மனம் வரவில்லை. அம்மன் கோயில் பொங்கலுக்குக் கொடுத்துவிட்டேன்.

உண்மை சொன்னவுடன் ஊர் மாலை போட்டது என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த இரண்டு நாளில் மூன்று வண்டிகள் வந்தன. விதை மூட்டை இறக்க அல்ல... விதைக்க நாள் இருந்தும் நம்பாமல் ஏற்றிக்கொண்டு போக! சனிக்கிழமை வந்த வீட்டுக்காரர், "உமக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டார். தர்மபுரத்தில் அலைந்து விதை வாங்கி, பிந்தி விதைத்தேன். ஊரெல்லாம் கதிர் சாய்ந்தபோது என் வயல் மட்டும் பச்சையாக நின்றது. அந்த வழியாகப் போனவர்கள் சிரித்தார்கள். அதைப் பார்த்து எரிச்சல்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

வியாபாரத்தில் கஷ்டமான முடிவு என்றால் சரி எது, பிழை எது என்று தெரியாமல் தவிப்பது என்று நினைத்திருந்தேன். இல்லை. சரியானது எது என்று பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குத்தான் ஒரு மத்தியானம் முழுவதும் போய்விடுகிறது.

சரி, கண்டாவளைக்காரரிடம் வருவோம்.

"அண்ணை, குழை கட்டேல்லையே?" என்று கேட்டேன்.

"குழை எதுக்குத் தங்கச்சி? ஆடு திண்டதையும் வாய் திறந்து சொல்லுற மில் இதுதான் எண்டு நாகமுத்தர் எங்கட ஊர்ச் சந்தையில சொன்னவர்."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனபிறகும் நான் வாசலிலேயே நின்றேன். ஆறு மூட்டை, ஒன்றிலும் குழை இல்லை. அன்று முழுவதும் என் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

ஆட்டை மட்டும் இப்போது கட்டி வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை உண்மை சொல்ல என்னிடம் விதைநெல் இல்லை!